ஸ்பானிய வினையோடு ஒட்டிக்கொண்ட நான்காம் வேற்றுமை

தமிழில் ‘கொடுத்தாள்’ என்ற ஒற்றைச் சொல்லே கொடுத்தவள் ஒரு பெண் என்பதைச் சொல்லிவிடுகிறது. யாருக்குக் கொடுத்தாள் என்பதை வினைமுற்று சொல்வதில்லை. அதற்குக் ‘கு’ உருபேற்ற பெயர் ஒன்று தனியே வர வேண்டும். ஸ்பானிய மொழி பெறுபவரைப் பற்றிய குறிப்பையும் வினையின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறது. மே (எனக்கு), தே (உனக்கு), லே (அவனுக்கு, அவளுக்கு, மரியாதையாக உங்களுக்கு), நோஸ் (எங்களுக்கு, நமக்கு), ஓஸ் (ஸ்பெயினில் நெருங்கிய பலரை நோக்கி ‘உங்களுக்கு’), லேஸ் (அவர்களுக்கு, உங்களுக்கு) ஆகிய ஆறு சிறு சொற்களே இந்த வேலையைச் செய்கின்றன. இலக்கணம் இவற்றை மறைமுகச் செயப்படுபொருளுக்குரிய பிரதிப்பெயர்கள் என்கிறது.

பிரதிப்பெயர் என்றால் பெயர் வராத இடத்தில் வருவது என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆனால் ‘லே தி எல் லிப்ரோ ஆ மரியா’ என்பதில் மரியாவும் இருக்கிறாள், லேயும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘அவளுக்குக் கொடுத்தேன் புத்தகத்தை மரியாவுக்கு’ என்றாகும். இது கூறியது கூறலாகத் தோன்றினாலும் ஸ்பானியர் காதுக்கு இதுவே இயல்பு. மரியா வினைக்கு முன்னால் வந்தாலோ, பெயருக்குப் பதில் ‘ஆ எய்யா’ (அவளுக்கு) என்று அழுத்தமாகச் சொன்னாலோ லேயை விடவே முடியாது. பேச்சில் இன்னொரு படி மேலே போய், ‘என் பெற்றோருக்கு’ என்ற பன்மைக்கும் லேஸுக்குப் பதில் ஒருமையான லேயையே பலர் வைக்கிறார்கள். கவனமான எழுத்தில் இது பிழை. ஆயினும், லே ஒரு பெயரின் இடத்தை நிரப்பும் சொல் என்பதிலிருந்து நகர்ந்து, ‘இங்கே பெறுபவர் ஒருவர் உண்டு’ என்று அறிவிக்கும் வினைக்குறியாக மாறிக்கொண்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலம் வழியே ஸ்பானியம் கற்பவர்கள் மிகவும் தடுமாறும் ‘மே குஸ்தா எல் கஃபே’ தமிழருக்கு எளிது. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதில் உள்ள ‘எனக்கு’ தான் இந்த ‘மே’. இங்கே எழுவாய் காபி. ஆகவே பிடித்தவை பூனைகள் என்றால் வினையும் பன்மையாகி ‘மே குஸ்தான் லோஸ் காதோஸ்’ என்று வரும். ‘மே துவேலே லா கபேசா’ என்பதும் அப்படியே ‘எனக்குத் தலை வலிக்கிறது’. இந்த ஒற்றுமையை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது: பசியை ஸ்பானியர் ‘எனக்கு’ என்று சொல்வதில்லை, ‘தேங்கோ ஆம்ப்ரே’, அதாவது ‘பசியை உடையேன்’ என்கிறார்கள். மேலும் லேயின் பரப்பு நம் ‘கு’ உருபைவிட அகன்றது. ‘லே கொம்ப்ரே எல் கோச்சே ஆ ஹுவான்’ என்றால் ஹுவானுக்குக் கார் வாங்கித் தந்தேன் என்றும் பொருள்படும், ஹுவானிடமிருந்து காரை வாங்கினேன் என்றும் பொருள்படும். எது என்பதைச் சூழல்தான் தீர்க்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, இவை காலம் காட்டும் வினைக்கு முன் நிற்கும். ஏவலிலும் வினையெச்சம் போன்ற வடிவங்களிலும் பின்னால் ஒட்டும். ‘அதை எனக்குக் கொடு’ என்பது ‘தாமேலோ’ (தா: கொடு, மே: எனக்கு, லோ: அதை) என்று ஒரே சொல்லாகிவிடும். ‘கொடுக்காதே’ என்று மறுத்தால் மீண்டும் பிரிந்து ‘நோ மே லோ தேஸ்’ என்று முன்னால் வந்துவிடும்.

‘அதை அவளுக்குக் கொடுக்கிறேன்’ என்பது ‘லே லோ தோய்’ என்று இருக்க வேண்டும். ஆனால் ‘சே லோ தோய்’ என்றே சொல்கிறார்கள். இரண்டு லகரங்கள் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு இனிக்காது என்று பாடம் நடத்துபவர்கள் காரணம் சொல்வதுண்டு. ‘பராலேலோ’ (இணையான) என்ற சொல்லைத் தயங்காமல் உச்சரிக்கும் மொழிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. லத்தீனில் ‘இல்லி இல்லும்’ (அவருக்கு அதை) என்று இருந்தது இடைக்கால ஸ்பானியத்தில் தேய்ந்து, ஏறக்குறைய ‘ஜெலோ’ என்று ஒலித்தது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த முதல் ஒலி மாறி, ‘தன்னை’ என்று பொருள்படும் ‘சே’ என்ற வேறொரு சொல்லோடு கலந்துவிட்டது.

இந்தச் சேவுக்கு ஒருமை பன்மை கிடையாது. ‘அதை அவர்களுக்குச் சொன்னேன்’ என்று பன்மையைக் காட்ட விரும்பும்போது, மெக்சிகோவிலும் லத்தீன் அமெரிக்காவின் பிற பகுதிகள் பலவற்றிலும், பன்மைக்குரிய சகரத்தைப் பக்கத்திலுள்ள லோவின் மேல் ஏற்றி ‘சே லோஸ் திஹே’ என்கிறார்கள். சொன்னது ஒரே செய்திதான், கேட்டவர்கள்தான் பலர். ஆனாலும் பன்மை செய்தியின் தலையில் போய் அமர்ந்திருக்கிறது.