அந்த 5 ஸ்டார் எந்த வருடத்துடையது?

ஏற்கெனவே ஓடிய பிக்கப்பை (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) விற்கும் விளம்பரங்களில் '5 ஸ்டார் பாதுகாப்பு' என்ற வரி சர்வசாதாரணமாக வரும். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வருட மாடலுக்கு, எந்த விதமான மோதலுக்கு, எந்தக் கேபினுக்கு என்று கேட்காதவரை அதற்குப் பெரிய மதிப்பும் கிடையாது.

பிக்கப் அதிகம் ஓடும் அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள் இரண்டு பேர். ஸ்டார் கொடுப்பது என்.எச்.டி.எஸ்.ஏ என்ற அரசு அமைப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ் ஸ்டார் தருவதில்லை. குட் (நல்லது), ஆக்செப்டபிள் (பரவாயில்லை), மார்ஜினல் (சுமார்), புவர் (மோசம்) என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது.

அரசு செய்யும் முன்பக்கச் சோதனையில் வண்டி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத சுவரில் முழு அகலமும் படும்படி மோதும். 2,500 கிலோ பிக்கப் என்றால் அந்த நொடியில் அதனிடம் சுமார் 3 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது, அத்தனையையும் சுவரின் தலையில் கட்ட முடியாது, வண்டியே தன் மூக்கை நசுக்கிக் கரைக்க வேண்டும். மூக்கு 60 சென்டிமீட்டர் நசுங்கினால் வண்டியின் சராசரி வேகக்குறைப்பு ஏறத்தாழ 20 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு. 30 சென்டிமீட்டர்தான் நசுங்கியது என்றால் 40 ஜி. 'அந்தக் காலத்து வண்டி, இரும்பு கெட்டி' என்று பெருமையாகச் சொல்வார்கள் இல்லையா, மோதலில் அந்தக் கெட்டித்தனம் உள்ளே இருப்பவரின் நெஞ்செலும்புக்குத்தான் போய்ச் சேரும். மூக்கு நசுங்க வேண்டும், கேபின் நசுங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் நல்ல வடிவமைப்பு.

சரி, ஆனால் நிஜ விபத்துகளில் முழு அகலமும் நேராக மோதுவது எப்போதும் நடப்பதில்லை. அதனால் ஐ.ஐ.எச்.எஸ் 1995-லிருந்து முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்க்கிறது. 2001-இல் பெரிய பிக்கப்களை இப்படி மோதவிட்டபோது ஃபோர்டு எஃப்-150, டாட்ஜ் ராம் 1500 இரண்டும் புவர், ஷெவி சில்வராடோ மார்ஜினல், டொயோட்டா டண்ட்ரா மட்டும் குட். புதிதாக வடிவமைத்த 2004 எஃப்-150 அதே சோதனையில் குட் வாங்கியது. அதாவது 2003 எஃப்-150-யும் 2004 எஃப்-150-யும் பெயரில்தான் உறவு.

2012-இல் இன்னும் கொடுமையான சோதனை வந்தது: வெறும் 25 சதவீதம், ஓட்டுநர் பக்க மூலை மட்டும். பிக்கப்பில் மோதல் விசையை வாங்க வேண்டியவை அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு ஃப்ரேம் தண்டுகள். 25 சதவீத மோதலில் தடுப்பு அந்தத் தண்டுக்கு வெளிப்பக்கமாகப் போய்விடுகிறது. அப்புறம் விசையை வாங்குவது யார்? முன்சக்கரம். அது அப்படியே பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்துக்குள் நுழையப் பார்க்கும்.

இதற்கு 2015 எஃப்-150-ஐ விட நல்ல உதாரணம் இல்லை. நான்கு பெரிய கதவுகள் உள்ள சூப்பர்குரூ கேபினில் சக்கரம் உள்ளே வராமல் தடுக்கும் இரும்புத் துண்டுகளை வைத்திருந்தார்கள். அது குட் வாங்கியது. அதே வருடம், அதே பெயர், கொஞ்சம் சின்னக் கேபினான சூப்பர்கேப்பில் அவை இல்லை. ஸ்டியரிங் பின்னால் வந்து, டம்மியின் (ஆளுக்குப் பதில் உட்கார வைக்கும் சோதனைப் பொம்மை) தலை ஏர்பேகின் ஓரத்தில் பட்டு நழுவியது. தரம்: மார்ஜினல். 2016 மாடலில் சரிசெய்துவிட்டார்கள். ஆக, இணையத்தில் 'எஃப்-150, 2015, குட்' என்று பார்த்துவிட்டு சூப்பர்கேப்பை வாங்கியவர் வேறொரு வண்டியின் மதிப்பெண்ணை நம்பியிருக்கிறார்.

அரசு ஸ்டார்களிலும் ஒரு கோடு உண்டு: 2011 மாடல் வருடம். அப்போது கணக்கிடும் முறையே மாறியது, பக்கவாட்டில் கம்பத்தில் மோதும் சோதனை சேர்ந்தது, முன்பக்கப் பயணி இருக்கையில் சிறிய உருவப் பெண் டம்மி வந்தது. 2009-இன் 5 ஸ்டாரையும் 2013-இன் 4 ஸ்டாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 2013-ஐ எடுப்பேன், ஏனென்றால் வண்டி சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் போட்டு நேராக்கும் ஈ.எஸ்.சி, 2012 மாடலிலிருந்து அங்கே கட்டாயம்.

பிக்கப்புக்கு அது ரொம்பவே தேவை. இடது, வலது சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணை வைத்துத்தான் கவிழும் அபாயத்தை மதிப்பிடுகிறார்கள். கார்களுக்குப் பெரும்பாலும் 1.3-லிருந்து 1.5, பிக்கப்களுக்கு 1.0-லிருந்து 1.3. எண் குறைந்தால் கவிழ்வது எளிது. முன்னாள் உரிமையாளர் வண்டியைத் தூக்கி உயரமாக்கியிருந்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்டார் அந்த வண்டிக்குப் பொருந்தாது.

'பெரிய வண்டிதானே பாதுகாப்பு' என்பதில் பாதி உண்மை. 2,500 கிலோ பிக்கப்பும் 1,250 கிலோ காரும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், பிக்கப்பின் வேகம் 33 மாறும், காரின் வேகம் 67 மாறும். அதனால்தான் முன்பக்க மோதல் ஸ்டார்களை ஏறக்குறைய ஒரே எடையுள்ள வண்டிகளுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும் என்கிறார்கள். ஆனால் மரத்திலோ பாலத்தூணிலோ மோதும்போது எடையால் ஒரு சலுகையும் கிடைக்காது.

பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். 2022-இல்தான் ஐ.ஐ.எச்.எஸ் தன் 40 சதவீதச் சோதனையில் ஓட்டுநருக்குப் பின்னால் 12 வயதுக் குழந்தை அளவு டம்மியை உட்கார வைத்தது. அதற்கு முன் அந்தச் சோதனையில் வாங்கிய குட், பின்சீட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இவை எல்லாமே புது வண்டியின் மதிப்பெண்கள். ஃப்ரேமைத் துரு தின்றிருந்தால் நசுங்கும் கணக்கே மாறிவிடும், அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணான வின் எண்ணை என்.எச்.டி.எஸ்.ஏ தளத்தில் போட்டு, குறை இருப்பதாக நிறுவனம் திரும்ப அழைத்தும் சரிசெய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று பாருங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போய் உலோகச் சில்லுகளாக வெடிக்கும் டக்காட்டா ஏர்பேக் காரணமாக, 2018-இல் சில 2006 மாடல் ரேஞ்சர் பிக்கப்களை ஓட்டவே வேண்டாம் என்று ஃபோர்டு சொன்னது. அப்புறம் சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது ஏர்பேக் ஏற்கெனவே வெடித்துப்போனதை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.