கொதிப்பா, அழுத்தமா? ‘டாரா திங்கி’க்குத் தமிழில் சரியான சொல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த நோய் நான்கு பெயரில் பழக்கம். அரசாங்கக் கிளினிக்கில் தாதி முன்னால் உட்கார்ந்தால் அது மலாயில் டாரா திங்கி. வீட்டில் பிரஷர். தமிழ்ச் செய்தியில் இரத்த அழுத்தம். என் அம்மாவுக்கும் அவரோடு பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய பெண்களுக்கும் அது இரத்தக் கொதிப்பு. நோய் ஒன்றுதான். ஆனால் எந்தப் பெயரைச் சொல்கிறோமோ அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் சாப்பிடுகிறோம், மாத்திரை போடுகிறோம், சில நேரம் மாத்திரையை நிறுத்தியும் விடுகிறோம். இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பிறகுதான் அவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. ஒரு தடவை ஊருக்குப் போனபோது மாத்திரைப் பை பிரிக்காமலே கிடந்தது. கேட்டேன். “இப்ப உடம்பு சில்லுனுதாம்பா இருக்கு. கொதிப்பெல்லாம் அடங்கிருச்சு. தினம் மோர் குடிக்கிறேன், நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கிறேன், பித்தம் தணிஞ்சிருச்சு” என்றார். மறுநாள் அளந்து பார்த்தால் 178க்கு 104. மோரில் உப்பு. ஊறுகாயில் அதைவிட உப்பு. கொதிப்பைத் தணிக்க அவர் சாப்பிட்டதுதான் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு இருந்தது. அவர் மேல் தப்பே இல்லை. அந்தச் சொல் காட்டிய வழியில் அவர் சரியாகத்தான் நடந்தார்.

கொதி என்ற வினையிலிருந்து வந்தது கொதிப்பு. உலை கொதிக்கும், எண்ணெய் கொதிக்கும், அநியாயத்தைக் கண்டால் மனசு கொதிக்கும். எல்லாவற்றிலும் சூடு உண்டு. அதோடு பொங்கி வெளியே தெரிவதும் உண்டு. அடுப்பை அணைத்தால் அடங்கும். இரத்தக் கொதிப்பு என்று சொன்னவுடனே இந்த மூன்றும் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன: உடம்பு சூடு, கோபக்கார ஆளுக்கு வரும், குளிர்ச்சியாகச் சாப்பிட்டால் போய்விடும். சூடு, குளிர்ச்சி, பித்தம், வாயு என்று உடம்பைப் பேசிப் பழகிய நமக்கு இந்தச் சொல் இயல்பாகப் பொருந்தியும் போகிறது.

ஆனால் மேல் கணக்கு, அதாவது இதயம் சுருங்கும்போது இருக்கிற அழுத்தம், 120 ஆனாலும் 200 ஆனாலும் இரத்தத்தின் சூடு அதே 37 பாகைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எதுவும் கொதிப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தலைவலிகூட வராது.

சூடு வேறு, அழுத்தம் வேறு என்பதைப் பால்மரம் வெட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவர்கள் அதைக் கையாலேயே அறிந்தவர்கள். ஏன் விடியும் முன்பே பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) வைத்தார்கள்? ஏன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரங்களின் நிரைக்குப் போனார்கள்? அந்த நேரத்தில்தான் பட்டைக்குள் இருக்கிற பால் குழாய்களில் அழுத்தம் அதிகம். கத்தி பட்டவுடன் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற, இலை வழியாக நீர் ஆவியாகிப் போய் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதாவது மரம் நன்றாகக் குளிர்ந்திருக்கிற நேரத்தில்தான் அதன் அழுத்தம் உச்சம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “ஆமா, மழை விட்ட காலையில பால் பிடிக்கிற மங்கு சீக்கிரம் நிறையும்” என்றார். நான் நாலு வருடம் சொல்லியும் புரியாத விஷயம் அன்றைக்குப் புரிந்தது.

சரி, மலாய்க்காரர்கள் சொல்லும் டாரா திங்கி எப்படி? டாரா என்றால் இரத்தம், திங்கி என்றால் உயரம். இரத்தம் உயரமாக இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். ஆனால் இந்தச் சொல்லுக்குள் தற்செயலாக ஒரு பெரிய உண்மை இருக்கிறது. இரத்த அழுத்தத்தை முதலில் அளந்ததே உயரமாகத்தான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. இதை அவர் 1733இல் வெளியிட்டார். மனிதரை இப்படிச் சோதிக்க முடியாது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கையில் சுற்றும் பட்டையையும் பாதரசத்தையும் வைத்து அளக்கும் வழியைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே காதுக்குழலை வைத்துக் கேட்டால் மேல் கணக்கு, இதயம் தளரும்போது இருக்கிற கீழ் கணக்கு இரண்டையும் பிடிக்கலாம் என்று காட்டினார். 120 என்று இன்றைக்கும் நாம் சொல்வது 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத்தான். பாதரசம் கனமானது. அதற்குப் பதில் இரத்தமே ஏறி நின்றால் 120க்கு ஏறக்குறைய ஐந்தடி, 180க்கு ஏழரை அடி. ஏழரை அடிக்கு இரத்தத்தைத் தள்ளுகிற அழுத்தத்தை மூளையில் இருக்கும் நூல் போன்ற குழாய்கள் நாள் முழுக்கத் தாங்க வேண்டும் என்று யோசித்தால், பக்கவாதம் ஏன் வருகிறது என்பது விளங்கும்.

திங்கி என்ற சொல்லால் வந்த குழப்பமும் ஒன்று உண்டு. ‘இரத்தம் அதிகம்’ என்று அதைத் தமிழில் புரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். அதனால் இரத்தம் ஊறும் என்று பெயர் வாங்கிய முருங்கைக் கீரையையும் பீட்ரூட்டையும் பயந்து ஒதுக்கி விடுகிறார்கள். இரத்தச்சோகை இருக்கிறவருக்கும் பிரஷர் ஏறலாம், இரண்டும் வேறு வேறு. முருங்கைக் கீரையில் இருக்கிற பொட்டாசியம் சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவும். பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டு இரத்தக் குழாயைச் சற்றுத் தளர்த்தும். ஒதுக்க வேண்டியதைத் தட்டில் வைத்துக்கொண்டு, சாப்பிட வேண்டியதை ஒதுக்கியிருக்கிறோம்.

டாக்டர்கள் சொல்லும் ஹைப்பர்டென்ஷன் இன்னொரு வகையில் ஏமாற்றும். ஹைப்பர் கிரேக்கம், மிகை என்று பொருள். டென்ஷன் லத்தீன் வழி வந்தது, இழுத்துப் பிடித்த விறைப்பு என்று பொருள். குழாயின் சுவரில் ஏற்படும் விறைப்பைத்தான் அது சொல்கிறது. நாமோ டென்ஷன் என்பதைப் பதற்றம் என்ற பொருளில் தமிழாக்கிக்கொண்டோம். “எனக்கு டென்ஷனே இல்ல, எனக்கு எப்படி ஹைப்பர்டென்ஷன்?” என்று கேட்கிற மாமாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மன உளைச்சல் அழுத்தத்தை ஏற்றும்தான். அதற்காக, அமைதியான ஆளுக்கு இந்த நோய் வராது என்பதில்லை.

இனி, தமிழ்ச் சொல். இரத்தம் வடமொழி ‘ரக்த’விலிருந்து வந்தது. தமிழில் சொல்லின் முதலில் ரகரம் வராது என்பதால் முன்னால் இகரம் சேர்ந்தது. நமக்கென்று பழைய சொல் குருதி. குறுந்தொகையின் முதல் பாட்டே செங்காந்தளைக் குருதிப்பூ என்கிறது. அவ்வளவு பழைய சொல், இன்னும் குருதிக்கொடையில் உயிரோடு இருக்கிறது.

அழுத்தம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். அழுந்து என்றால் தானாக அழுந்துவது. அழுத்து என்றால் இன்னொன்றை அழுத்துவது. திருந்து, திருத்து போல. அழுத்து என்பதிலிருந்து அழுத்தம். குழாயின் சுவரை இரத்தம் அழுத்துகிற அழுத்தம். இயற்பியலில் சொல்வதற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அதோடு பேச்சுவழக்கில் ஒரு பொருள் இருக்கிறதே, அதைப் பாருங்கள். மனதில் இருப்பதை வெளியே விடாத ஆளை ‘அழுத்தமான ஆள்’ என்போம், ‘அழுத்தக்காரன்’ என்போம். வருடக்கணக்கில் வலியோ அறிகுறியோ காட்டாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற நோய்க்கு இதைவிடப் பொருந்தும் சொல் எங்கே கிடைக்கும்? இலங்கைத் தமிழர் குருதியமுக்கம் என்கிறார்கள். அங்கேயும் அதே பொருள் கூடவே வருகிறது: அமுக்கமான ஆள்.

ஆகவே என் பரிந்துரை, எழுத்தில் உயர் குருதி அழுத்தம், பேச்சில் இரத்த அழுத்தம். மன அழுத்தத்தோடு குழம்பாமல் இருக்க ‘அழுத்தம்’ என்று மொட்டையாகச் சொல்லாமல், குருதி அல்லது இரத்தம் என்பதைச் சேர்த்தே சொல்வது நல்லது. பிரஷர் என்று சொல்வதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, அதுவும் அழுத்தம்தான். விட வேண்டியது கொதிப்பு ஒன்றைத்தான்.

2019இல் நம் நாட்டின் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் குருதி அழுத்தம் என்று கண்டது. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி கிளினிக்கில் திரும்பத் திரும்ப அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய்.

சொல்லை மாற்றினால் கேள்வி மாறும். ‘எது குளிர்ச்சி?’ என்று கேட்கிற இடத்தில் ‘எது அழுத்தத்தைக் கூட்டுகிறது?’ என்று கேட்போம். அதற்கு முதல் பதில் உப்பு. உப்பு சேரச் சேர உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதே குழாய்களுக்குள் அதிக அளவு இரத்தம் ஓட வேண்டி வரும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே, உப்பை நிறுத்தச் சொல்கிறது. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப் மாசினிலேயே (உப்புச் சோயா சாறு) ஏறக்குறைய 2 கிராம் உப்புக்கு ஈடான சோடியம் போய்விடும். அதற்கு மேல் பசியாற மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்), மத்தியானம் கருவாடு, சம்பாலில் பெலாச்சானும் (இறால் பசை) நெத்திலியும், சாயங்காலம் மெகி. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வேர்வையில் கொஞ்சமாவது போயிற்று. இப்போது தாமான் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம், கருவாடு மட்டும் அதே கருவாடு. ஆட்டிறைச்சி சாப்பிட்டால் பிரஷர் ஏறும் என்று பயந்து, அதற்குப் பதில் கருவாட்டுக் குழம்பு வைக்கிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்துப்பு நல்லது என்று இப்போது எல்லாரும் அனுப்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம்தான் வேறு.

உணவால் குறைக்க முடியுமா என்றால் முடியும். 1997இல் வெளிவந்த ‘டேஷ்’ என்ற அமெரிக்க ஆய்வில், காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருட்கள் நிறைந்த சாப்பாடு, ஏற்கெனவே உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் மேல் கணக்கைச் சுமார் 11 குறைத்தது. கங்கோங் கீரை, பசலை, வாழைப்பழம், பப்பாளி, உப்புப் போடாத மோர், இவையெல்லாம் நம் சந்தையிலும் கொல்லையிலும் இருப்பவைதான். ஒரே எச்சரிக்கை: சிறுநீரகம் பழுதானவர்களும், பெரிண்டோபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் இளநீரையும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கை வைத்தியத்தை நான் தள்ளுகிறவன் இல்லை. பூண்டுக்கும், ரோசெல் என்று இங்கே விற்கிற புளிச்சைக் கீரைச் செடியின் சிவப்புப் புல்லிவட்டத் தேநீருக்கும் கொஞ்சம் குறைக்கும் சக்தி இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கொஞ்சம்தான், மாத்திரையை எறிகிற அளவுக்கு இல்லை. வேலியோரம் வளர்க்கிற மீசாய் கூச்சிங், நம் பூனைமீசை, சிறுநீரைப் பெருக்கும் என்று குடிக்கிறார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையே சிறுநீர் பெருக்கியாக இருந்தால் இரண்டும் கூட்டுச் சேரும். சர்ப்பகந்தா என்ற மூலிகை வேரின் கதை பெரியது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதைப் பற்றி எழுதினார், 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டு உலகமெங்கும் மாத்திரையானது. அழுத்தத்தை நன்றாகவே இறக்கும், ஆளையும் மனச்சோர்வில் தள்ளக் கூடும். வேரை வாங்கி வீட்டில் கஷாயம் வைக்கிற சரக்கு அல்ல. இன்னொன்று, தொண்டைக்கு இதம் என்று மெல்லுகிற அதிமதுரம். தினமும் நிறையச் சாப்பிட்டால் அழுத்தத்தை ஏற்றும். ‘குளிர்ச்சி’ப் பட்டியலில் அதுவும் இருக்கிறது என்பதுதான் கவலை.

அம்மா இப்போது மாத்திரையை விடுவதில்லை. நார்த்தங்காய் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது, விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பி குடிக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து, தானே அளந்துவிட்டுத்தான் எனக்குப் போன் போடுகிறார். போன வாரம் 134க்கு 82. “மேல் கணக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமாத்தான் இருக்கு” என்றார்.