எங்கிருந்து வந்தான்னே தெரியலீங்க

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் ஒரு பேக்கரி. கொங்கு நாட்டில் டீ குடிக்கிற இடத்துக்குப் பேக்கரி என்றுதான் பெயர். கேக் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கிளாஸில் மண் விழாமல் உள்ளங்கையால் மூடியபடி ஆறேழு பேர் நின்றிருந்தோம். எதிரே தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எக்ஸ்எல் மொபெட்டில் இரண்டு மூட்டைப் புண்ணாக்கை வைத்துக்கொண்டு, வலப்பக்கம் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிக்குள் திரும்ப வண்டியை ஒடித்தார். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. அந்தப் பஸ்ஸைக் கட் அடித்து முன்னால் பாய்ந்த பைக் ஒன்று, டயர் கிறீச்சிட வந்து எக்ஸ்எல்லின் பின்பக்கத்தில் மோதியது.

பைக் ஓட்டிவந்த பையனுக்குக் கால் முறிந்தது. பெரியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள், அதனால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது. பெஞ்சில் உட்கார வைத்ததும் பெரியவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “பஸ்ஸு வர்றதப் பாத்தனுங்க. இவன் எங்கிருந்து வந்தான்னே தெரியலீங்க.” பக்கத்தில் நின்றவர் அடித்துச் சொன்னார்: “நூத்தி இருவதுல வந்தானுங்க, என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

எந்த விபத்து நடந்த இடத்திலும் இந்த இரண்டு வாக்கியங்களும் கேட்கும். சொல்பவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் கண்ணும் மூளையும் வேகத்தை எப்படிக் கணக்குப் போடுகின்றன என்று தெரிந்துகொண்டால், இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள மனம் வராது.

நம்மை நோக்கி நேராக வரும் பொருள் இடம் வலமாக நகர்வதில்லை. அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே போவதை வைத்துத்தான் அது வருகிறது, இவ்வளவு வேகமாக வருகிறது என்று மூளை கணிக்கிறது. நூறு மீட்டர் தூரத்தில் ஒரு பைக்கும் அதன் மேல் இருப்பவரும் சேர்ந்து ஏறக்குறைய முழு நிலா அகலம்தான் தெரிவார்கள். ஐம்பது மீட்டருக்கு வந்தால் இரண்டு நிலா. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற பைக்குக்கு இந்த இடைவெளியைக் கடக்க 3 வினாடி ஆகும். அந்த 3 வினாடியிலும் கண்ணுக்குக் கிடைக்கும் மாற்றம் ஒரு நிலா அகலம், அவ்வளவுதான். அடுத்த இரண்டரை வினாடியில் அது பத்து மீட்டருக்குள் வந்துவிடும். இரண்டு நிலா பத்து நிலாவைத் தாண்டிவிடும். முதல் பாதியில் சும்மா நிற்பது போலத் தெரிந்தது, இரண்டாம் பாதியில் பூதமாக எழுகிறது. ‘திடீர்னு வந்துட்டான்’ என்று தோன்றுவதற்குக் காரணம் இந்த வடிவக் கணக்குதான்.

பஸ் விஷயம் வேறு. அதன் அகலம் பைக்கைப் போல மூன்று மடங்கு. உருவம் பெரிதாவது சீக்கிரமே தெரிகிறது. ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் வந்தாலும் பெரிய வண்டி முதலில் வந்துவிடும் என்றும், சின்ன வண்டி தாமதமாக வரும் என்றும் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆய்வகத்தில் பலமுறை பார்க்கப்பட்ட பிழை இது. பெரியவர் பஸ்ஸைக் கணக்கில் எடுத்தார். அதன் ஓரத்தில் நிலா அளவுக்குத் தலைகாட்டிய பைக் கணக்கிலேயே வரவில்லை. இரவில் இன்னும் மோசம். காருக்கு இரண்டு விளக்கு, கிட்டே வர வர அவை விலகும். பைக்குக்கு ஒற்றை விளக்கு; எதிலிருந்து எது விலகும்?

இன்னொன்றும் உண்டு. இடமும் வலமும் பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலின்போதும் மூளை ஒரு கணம் பார்வையை அடக்கி வைத்து, அந்த இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் ஒரு பைக் தாராளமாக ஒளிந்துகொள்ளும். ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையை நிறுத்தி மறுபடியும் ஒரு தடவை பார்ப்பவருக்கு அது அகப்பட்டுவிடும்.

சரி, பைக் மேல் இருப்பவனுக்கு என்ன தெரிகிறது? அவனுக்கும் வேகம் சரியாகத் தெரியாது. ஓரத்தில் இருப்பவை பின்னோக்கி ஓடும் விதத்தை வைத்துத்தான் நாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று உணர்கிறோம். இருபுறமும் புளியமரம் நெருங்கி நின்ற பழைய சாலையில் 50 கிலோமீட்டரே பயமாக இருக்கும். மரங்கள் போய் அகலமான நான்குவழிச் சாலை வந்த பிறகு 80-ல் போனாலும் வண்டி நிற்பது போலிருக்கும். அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை அகலமான நெடுஞ்சாலையில் வந்துவிட்டு ஊருக்குள் திரும்புகிறவர், வேகத்தைக் குறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டே வேகமாகத்தான் போவார். மூளை பழைய வேகத்துக்குப் பழகிப் போயிருக்கும்.

இதற்கு மேல் பின்னால் கூட்டாளி உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வண்டி ஓட்டும் கணினி விளையாட்டைத் தனியாக ஆடியபோது இளைஞர்கள் ஓரளவு கவனமாகவே ஆடினார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடிய இளைஞர்கள் அதிகமாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை; காலேஜ் வாசலில் பஸ்ஸுக்கு நின்ற யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது.

இப்போது பிரேக்கைப் பார்ப்போம். எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்தால், கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். 60 கிலோமீட்டரில் போகிறவர் அதற்குள் 25 மீட்டர் போயிருப்பார், பிரேக் தொடாமலே. அதன் பிறகு இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் காய்ந்த தார்ச்சாலையில் மேற்கொண்டு 23 மீட்டரில் நிற்கலாம். மொத்தம் 48 மீட்டர். அதே இடத்தில், அதே கணத்தில் 80-ல் வந்த இன்னொருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இவர் என்ன வேகத்தில் கடப்பார்? 20 என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் வருவது 64. முதல் ஆள் பிரேக்கையே தொடாமல் வந்திருந்தால்கூட 60-ல்தான் மோதியிருப்பார்.

வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வருகிற வினை இது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 64 கிலோமீட்டரில் மோதுவது, ஐம்பதடிக் கிணற்றின் மேட்டிலிருந்து வெறும் பாறையில் விழுவதற்குச் சமம். நம் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், திம்பத்தின் 27 வளைவுகளிலும் இதே வர்க்கம்தான் வேறு வேஷத்தில் வருகிறது. பதினைந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கிலோமீட்டரில் திரும்ப வண்டியை 25 பாகை சாய்த்தால் போதும். 40-ல் திரும்ப 40 பாகை வேண்டும். 50-க்கு 50 பாகைக்கு மேல், சாதாரண டயர் சாலையைப் பிடித்துக்கொண்டிருக்காத சாய்வு. வளைவில் கொஞ்சம் எம்-சாண்ட் சிந்திக் கிடந்தால் 40-லேயே கதை முடிந்தது.

முன் பிரேக்கைப் பற்றி நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பிடித்தால் குப்புற விழுவோம் என்று. சைக்கிள் ஓட்டக் கற்றபோது யாரோ சொன்னது, பைக் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் சாலையில் அழுந்துகிறது, பின் சக்கரம் லேசாகிறது. அழுந்திய சக்கரத்துக்குத்தான் பிடிமானம். வண்டியை நிறுத்தும் வேலையில் எழுபது சதவீதம் முன் சக்கரத்துடையது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் லேசாகிவிட்ட சக்கரம் உடனே பூட்டிக்கொண்டு தேய்கிறது. தேயும் ரப்பருக்கு உருளும் ரப்பரின் பிடி கிடையாது, வண்டியும் கோணிக்கொண்டு போகும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக இறுக்க வேண்டும். ஏ.பி.எஸ். இருந்தால் அந்த நிதானத்தை அது பார்த்துக்கொள்ளும்: சக்கரம் பூட்டப் போவதை உணர்ந்து, வினாடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுப் பிடிக்கும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். அந்தப் பையனுடையது அதற்கு முந்தைய வண்டி.

ஹெல்மெட்டை அவன் டேங்க் மேல் வைத்திருந்தான். தலை தார்ச்சாலையில் மோதினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நிற்க வேண்டியிருக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கி, அதை இரண்டு மூன்று சென்டிமீட்டராக நீட்டிக் கொடுக்கிறது. முதல் உலகப் போரில் பேர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ‘அரேபியாவின் லாரன்ஸ்’ 1935-ல் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஆறாம் நாள் இறந்தார். சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க ஒதுங்கியதில் நடந்தது. அவருக்குச் சிகிச்சை தந்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் பிறகு ராணுவப் பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் எழுதியதிலிருந்துதான் ஹெல்மெட் பற்றிய அறிவியல் பேச்சு சூடுபிடித்தது.

பேக்கரிக்கு வருவோம். ஒருவர் கோலி சோடாவோடு ஓடினார், இன்னொருவர் பையனைத் தூக்கி உட்கார வைக்கப் போனார். நல்ல எண்ணம்தான், ஆனால் இரண்டும் தப்பு. கழுத்தெலும்பில் அடி இருந்தால் தூக்குவதே தண்டுவடத்தைக் கெடுத்துவிடும். நினைவு மங்கியவருக்குக் கொடுக்கும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். 108-ஐக் கூப்பிட்டு, ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். உதவி செய்தவரை வழக்கில் இழுக்க முடியாதபடி 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் காப்பாற்றுகிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் கதைகள் கிளம்பின. ஒருவர் மெதுவாக, படம் ஓடுவது போலப் பார்த்தேன் என்றார். அதிர்ச்சியில் நேரம் உண்மையிலேயே மெதுவாகிறதா என்று நரம்பியல் விஞ்ஞானி டேவிட் ஈகிள்மன் குழு சோதித்திருக்கிறது. ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவிட்டு, வேகமாக மாறும் எண்களைக் காட்டும் கருவியை மணிக்கட்டில் கட்டினார்கள். நேரம் மெதுவானால் அந்த எண்களைப் படித்திருக்க முடியும். தரையில் இருந்தபோது படித்ததைவிட நன்றாகப் படிக்க முடியவில்லை. ஆனால் தாங்கள் விழுந்தது, மற்றவர்கள் விழுந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீண்டதாகச் சொன்னார்கள். பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிகிறது. திரும்பிப் பார்க்கும்போது அந்த அடர்த்தி நீளமாகத் தெரிகிறது.

நினைவைக் கேள்வியே திருத்திவிடும். 1974-ல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக 66 கிலோமீட்டர் என்றார்கள். ‘தொட்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 51. அதே போல இன்னொரு குழுவை ஒரு வாரம் கழித்து விசாரித்தபோது, மற்றவர்களைவிட, நொறுங்கிய சொல்லைக் கேட்டவர்களில் அதிகம் பேர் படத்தில் இல்லாத கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்களை விசாரிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி: “எவ்வளவு ஸ்பீடா வந்து அடிச்சான்?” பைக்கின் சைலன்சர் வேறு மாற்றியது. சத்தம் பெரிதாக இருந்தால் வேகமும் பெரிதாகத் தோன்றும்.

யார் பேச்சும் மாற்றாத சாட்சி ஒன்று சாலையிலேயே கிடந்தது. பின் டயர் மட்டும் தேய்ந்து இழுத்த ஒற்றைக் கருப்புக் கோடு. மறுநாள் காலையில் எட்டு வைத்து அளந்தேன், ஏறத்தாழ 24 மீட்டர். பின் பிரேக் மட்டும் என்றால் வினாடிக்கு வினாடி மூன்றரை மீட்டர் வீதம் வேகம் குறைந்திருக்கும். மோதும்போது 40 கிலோமீட்டர் இருந்தது என்று தோராயமாக வைத்துக்கொண்டால், கோடு தொடங்கிய இடத்தில் அவன் வந்த வேகம் 61. பேக்கரியும் இட்டேரியும் இருக்கிற இடத்தில், பஸ்ஸைக் கட் அடிக்கும்போது, அது அதிகம்தான். 120 அல்ல. அதே 61-ல் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருந்தால் அந்த 24 மீட்டரிலேயே வண்டி ஏறக்குறைய நின்றிருக்கும். எக்ஸ்எல்லின் மட்கார்டு நெளிந்திருக்கலாம்.

இந்தக் கணக்கைப் பேக்கரியில் டிஷ்யூ பேப்பரில் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் போனபோது ஒரு மழை பெய்து கோடு அழிந்திருந்தது. டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் புதிதாக வந்த ஒருவருக்கு அந்த விபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நூத்தி நாப்பதுல வந்தானுங்க.”