ஹார்மோன் ஊசி: ஆழமே நேரத்தைத் தீர்மானிக்கிறது

இன்சுலினை மாத்திரையாக விழுங்கினால், 51 அமினோ அமிலங்களால் ஆன அந்தப் புரதத்தைக் குடல் உணவைப் போலவே செரித்துவிடும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்ட காலம் தொட்டு, இன்சுலினுக்கு ஊசியே முதன்மையான வழியாக இருப்பதன் காரணம் இதுதான்.

தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் இறங்கிய இன்சுலின் உடனே இரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. குப்பியில் துத்தநாகத்தின் பிடியில் ஆறு ஆறாகச் சேர்ந்திருக்கும் அதன் மூலக்கூறுகள், திசுநீரில் நீர்த்து, இரண்டிரண்டாகவும் பின்னர் தனித்தனியாகவும் பிரிந்த பிறகுதான் நுண்குழாய்களுக்குள் எளிதில் நுழைகின்றன. சாதாரண இன்சுலினை உணவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே போடச் சொல்வது அதனால்தான். இரத்த ஓட்டம் மிகுந்த தசைக்குள் அதே மருந்து தவறிப் போய்விட்டால், எதிர்பார்த்ததைவிட விரைவாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். தோலின் தடிமன் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவே என்பதால், பருமனானவருக்கும் 4 மில்லிமீட்டர் ஊசி போதும்.

ஆண் ஹார்மோன் மருந்தான டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட் இதற்கு நேர்மாறானது. ஆமணக்கு எண்ணெயில் கரைத்த 1000 மில்லிகிராம் மருந்தைப் பிட்டத் தசையின் ஆழத்தில் மெதுவாகச் செலுத்தினால், அது அங்கேயே தேங்கி 10 முதல் 14 வாரங்கள் வரை சிறிது சிறிதாகக் கசிகிறது. மூன்று மாதக் கருத்தடை ஊசியும் இத்தகைய சேமிப்புதான். போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் மருந்து முன்கூட்டியே கரையக்கூடும்.

ஊசியை எந்தச் சாய்வில் குத்த வேண்டும் என்று கேட்டால், செவிலியர், மருந்தியல் மாணவர்கள் 45 பாகை, 90 பாகை என்ற கோணங்களைத் தயக்கமின்றிச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கோணம் எதற்காக என்று கேட்டால் பலர் தடுமாறுவதில் வியப்பில்லை. பயிற்சிக்கான ரப்பர்ப் பட்டையில் குத்துவதைக் கற்கலாம். மருந்து பிறகு எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினை மில்லிலிட்டருக்கு 40 யூனிட் எனக் கோடிட்ட சிரிஞ்சில் அதன் கோடுகளைப் பார்த்து எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகிவிடும் என்ற கணக்கையும் ரப்பரில் கற்க முடியாது.

விரல்களுக்கும் பயிற்சி தேவை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் அங்கே கொழுப்பு தடித்து, ரப்பர் போன்ற மேடாகிவிடும். வலி குறைவு என்பதால் நோயாளிகள் அதையே நாடுவார்கள். ஆனால் அங்கே உறிஞ்சல் தாறுமாறாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேட்டைத் தடவிக் கண்டுபிடித்த மாணவர், 'வேறு இடத்தில் போடுங்கள்' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது: நல்ல திசுவில் முழு மருந்தும் ஒழுங்காக உறிஞ்சப்படும் என்பதால், பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும், இடம் மாறும்போதே அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.