ஆட்டக்காரர் மேல் கேஸ் வந்தால் ரசிகர் தலைக்குள் என்ன நடக்கிறது?

கால்பந்து உலகக் கோப்பை வருஷத்தில் குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போனால் எந்தத் தெரு எந்த டீம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம், கொடியும் ஃபிளக்ஸும் சொல்லிவிடும். இங்கே அர்ஜென்டினா, அங்கே பிரேசில், நடுவில் ரொனால்டோ ஒருவருக்காகவே போர்ச்சுகல் பிடிக்கிற ஒரு கூட்டம். இந்த மூன்று கூட்டத்தின் நாயகர்கள் மேலும் ஸ்பெயினில் வழக்கு நடந்திருக்கிறது. மெஸ்ஸிக்கு 2016 ஜூலையில் பார்சிலோனா கோர்ட் வரி ஏய்ப்பு வழக்கில் 21 மாதம் சிறை விதித்தது, அடுத்த வருஷம் அது அபராதமாக மாறியது. ரொனால்டோ 2019 ஜனவரியில் வரி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1 கோடியே 88 லட்சம் யூரோ கட்டச் சம்மதித்தார், 23 மாதத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. நெய்மார் பார்சிலோனாவுக்கு மாறியபோது நடந்த பணப் பரிமாற்றம் பற்றிய மோசடி வழக்கில், 2022 டிசம்பரில், கத்தார் உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் விடுதலை ஆனார்.

மூன்று பேருக்கும் மூன்று முடிவு, மூன்றும் ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் நின்று இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். அர்ஜென்டினா ரசிகருக்கு மெஸ்ஸி வழக்கு "அப்பா காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டான், அவனுக்கு என்ன தெரியும்" என்று முடிந்துவிடும், அதே ஆள் ரொனால்டோவைப் பற்றிச் சொல்லும்போது "கள்ளன்" என்ற ஒரு சொல்லில் முடிப்பார். நெய்மார் விடுதலை ஆன சேதி பிரேசில் ரசிகர் எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களில் பலருக்கு "ஏதோ கேஸ் இருந்ததே" என்பதோடு சரி.

இதை வெறும் முட்டாள்தனம் என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் எல்லோர் மூளையும் இப்படித்தான் வேலை செய்கிறது, அது எப்படி என்று ஏறக்குறைய 90 வருஷமாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியின் ஒரு நுனி இந்தியாவில்தான் இருக்கிறது. 1934 ஜனவரியில் பீகாரையும் நேபாளத்தையும் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் பெரிய சேதம் எதையும் பார்க்காத மக்களிடம், இதைவிடப் பெரிய அழிவு வருகிறது என்ற வதந்தி ஓடியது. ஆபத்து தாண்டிப்போனவர்கள் ஏன் தங்களைத் தாங்களே பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பயம் முதலில் வந்துவிட்டது, பயப்படக் காரணம் கண்முன்னே இல்லை, அந்தக் காரணத்தை வதந்தி கொண்டுவந்து கொடுத்தது.

ரசிகர் விஷயத்திலும் அதே வரிசைதான். பிடித்த ஆட்டக்காரரின் பெயர் செய்தியில் வந்ததும் முதலில் வருவது பதற்றம், எதிரணிக்காரர் பெயர் என்றால் ஒரு சந்தோஷம். காரணம் பிறகுதான் தேடப்படுகிறது.

ஃபெஸ்டிங்கருக்கு முன்பே, 1947இல், கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரு உளவியலாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். வதந்தியின் வேகம் என்பது, விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது என்பதையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லாமல் பெருக்கல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, இரண்டில் ஒன்று பூஜ்யம் ஆனால் விடையும் பூஜ்யம். யார் என்றே தெரியாத ஒருவர் மேல் வழக்கு என்றால் நமக்குப் பேச ஒன்றுமில்லை. நமக்கு உயிரான ஆட்டக்காரர் என்றாலும், எல்லா விவரமும் கையில் இருந்தால் ஊகிக்க இடமில்லை. ஆனால் போலீஸ் வழக்கு என்பது தெளிவில்லாமையை மாதக்கணக்கில் நீட்டிக்கிற ஒரு விஷயம். போலீஸ் விசாரணை விவரத்தை வெளியே சொல்லாது, வக்கீல் "வாயைத் திறக்காதே" என்பார், கிளப் இரண்டு வரி அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அந்த மௌனத்தில்தான் எல்லாக் கதையும் முளைக்கிறது.

ஊகிப்பதையே கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் அடித்தபோது இதே கடற்கரையில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். அதிகாரப்பூர்வமாக ஒன்றும் வராத அந்த நாட்களில், ஒரு போட் லட்சத்தீவில் ஒதுங்கியது, இன்னொன்று மகாராஷ்டிராவில் என்று வாய்வழி வந்த சேதிகளில் சில உண்மையாகவும் இருந்தன. தகவல் கிடைக்காதபோது மக்கள் சேர்ந்து அதை உண்டாக்கிக்கொள்கிறார்கள், அது ஒரு தேவை. சிக்கல் எங்கே என்றால், சேதி கை மாறும்போது அதன் உருவம் மாறுகிறது, மாறுவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் ஒருவருக்கு ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்க்காத இன்னொருவரிடம் சொல்ல வைத்து, அவர் அடுத்தவரிடம் சொல்ல வைத்து, வரிசையாகக் கடத்தினார்கள். ஐந்தாறு வாய் தாண்டுவதற்குள் விவரத்தில் சுமார் 70 சதவீதம் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது கூர்மையானது. கடைசியில் அது கேட்பவர் ஏற்கெனவே நம்பியதோடு ஒட்டிக்கொண்டது.

நம் ஊரில் இது எப்படி ஓடும் என்று ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். திருவிழா செவன்ஸ் போட்டி, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ராத்திரி தகராறு. முதல் சேதி: "நேத்து நடந்த தகராறு சம்பந்தமா நாலு பேரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க, அதுல நம்ம ஃபார்வர்டும் உண்டு, என்ன பார்த்தான்னு கேட்கத்தான்." இரண்டாவது வாய்ஸ் நோட்டில் மற்ற மூன்று பேர் காணாமல் போகிறார்கள்: "நம்ம ஃபார்வர்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க." மூன்றாவதில் அது கூராகிறது: "எடே மக்கா, போலீஸ் தூக்கிட்டுப் போச்சு, இனி டிஸ்ட்ரிக்ட் செலக்‌ஷன் அவ்வளவுதான்." நான்காவதில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பக்கத்து ஊரில் "அவன் போன வருஷமே ரெஃபரியை அடிக்கப் போனவன்தானே", சொந்த ஊரில் "அவனுவ காசு கொடுத்து மாட்டிவிட்டதுலே". என்ன பார்த்தாய் என்று கேட்கக் கூப்பிட்டார்கள் என்ற பகுதி இரண்டு ஊரிலும் இல்லை. ஃபார்வர்டு செய்தால் எழுத்து மாறாதே என்று கேட்கலாம், ஆனால் மேலே நாம் போடுகிற ஒரு வரிதான் படிக்கப்படுகிறது, கீழே இருக்கிறதை யாரும் திறப்பதில்லை.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தைத்தான் நான் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். 1951 நவம்பரில் அமெரிக்காவில் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதின. அவர்கள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்தான், நம் பந்துகளி இல்லை. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் ஆள் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இருவர் அந்த ஆட்டத்தின் ஃபிலிமை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி ஃபவுலை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த ஃபவுல் என்று டார்ட்மத் மாணவர்கள் எண்ணியது சராசரியாக 4.3, பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது 9.8. ஒரே ஃபிலிம். இவர்கள் பொய் சொல்லவில்லை, அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தே இவ்வளவு வித்தியாசம் என்றால், யாருமே பார்க்காத ஒரு அறைக்குள் நடந்ததைப் பற்றி இரண்டு ரசிகர் கூட்டம் ஒத்துப்போகும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

டீம் நம் உடம்போடு ஒட்டிப்போன ஒன்று. ராபர்ட் சியால்டினி 1976இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி அணி ஜெயித்த பிறகு மாணவர்கள் கல்லூரி பெயர் போட்ட உடையை அதிகமாக அணிந்தார்கள், "நாம் ஜெயித்தோம்" என்றார்கள், தோற்றால் "அவர்கள் தோற்றார்கள்" என்றார்கள். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்திலிருந்து திரும்பும் பஸ்ஸிலும் இதைக் கேட்கலாம். மேலோட்டமான ரசிகர், கேஸ் என்றதும் மெதுவாகக் கழன்றுவிடுவார். உயிரைக் கொடுக்கிற ரசிகரால் கழல முடியாது, ஆட்டக்காரர் மேல் விழுந்த அடி தன் மேல் விழுந்தது போல ஆகிவிடுகிறது, எனவே விவரத்தை வளைக்கத் தொடங்குகிறார்.

வளைப்பதிலும் இரண்டு வழி உண்டு என்று 2013இல் ஒரு ஆய்வு பிரித்துக் காட்டியது. ஒன்று, தப்பையே சின்னதாக்குவது, மெஸ்ஸி வழக்கில் "அப்பா பார்த்துக்கொண்டார்" என்பது மாதிரி. மற்றது, "கேஸ் வேற, காலு வேற" என்று ஆட்டத்தையும் ஒழுக்கத்தையும் தனித்தனிப் பெட்டியில் போடுவது. இரண்டாவது வழியில் போகிறவர்களுக்குக் குற்ற உணர்வு குறைவாக இருந்தது, தப்பு தப்பு என்றே சொல்லிக்கொண்டும் ஆட்டத்தை ரசிக்க முடிந்தது. எனக்கு இரண்டாவது வழி முதல் வழியைவிட நேர்மையானதாகத்தான் படுகிறது, ஏனென்றால் அதில் நடந்ததை மறுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு விஷயம், திரும்பத் திரும்பக் கேட்பது. 1977இல் ஹேஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ என்ற மூவர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று தடவை, மாணவர்களிடம் 60 வாக்கியங்களைக் கொடுத்து உண்மையா என்று மதிப்பிடச் சொன்னார்கள். திரும்ப வந்த வாக்கியங்கள், உண்மையோ பொய்யோ, ஒவ்வொரு தடவையும் கூடுதலாக நம்பப்பட்டன. பழகியது எளிதாக மனதில் ஓடுகிறது, அந்த எளிமையை மூளை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. கிளப் குரூப், பங்கு இளைஞர் குரூப், பழைய ஸ்கூல் குரூப், கல்ஃபில் இருக்கும் மச்சான் அனுப்பியது என்று ஒரே சேதி நாலு வழியாக வந்தால் நாலு சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. நாலும் ஒரே வாயிலிருந்து கிளம்பியது என்பது தெரிவதே இல்லை.

இதற்கு நடுவே சட்டத்தின் படிகளை நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறோம். எஃப்ஐஆர் என்பது ஒரு புகார் பதிவானதற்கான தாள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் இருந்தால் போலீஸ் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது, ஆகவே எஃப்ஐஆர் இருப்பதாலேயே குற்றம் நிரூபணம் ஆகிவிடாது. கைதும் தீர்ப்பு இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் முன்ஜாமீன் கிடைத்தாலும் அது விடுதலை இல்லை, மறுத்தாலும் தண்டனை இல்லை. விளையாட்டு வாரியத்தின் விசாரணை முற்றிலும் வேறு பாதை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்த் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 மே மாதம் ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்சிங் வழக்கில் டெல்லி போலீஸ் கைது செய்தது, 2015 ஜூலையில் டெல்லி கோர்ட் வழக்கிலிருந்து விடுவித்தது, ஆனால் கிரிக்கெட் வாரியத்தின் ஆயுள் தடை அப்படியே இருந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தண்டனையின் அளவை மறுபடி பாருங்கள் என்று வாரியத்திடம் சொன்னது, அது ஏழு வருஷமாகக் குறைந்து 2020 செப்டம்பரில் முடிந்தது. கோர்ட் விடுவித்ததைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமும், தடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கூட்டமும் சண்டை போட்டால் ஓயவே ஓயாது. கிரிமினல் கோர்ட் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்கும், வாரியத்துக்கு எது அதிகச் சாத்தியம் என்பதே போதும். இரண்டு அளவுகோல், இரண்டு முடிவு.

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறொரு இடத்தில். ஒரு பெண் புகார் கொடுத்த வழக்கு என்றால், நம் ஆள் நல்லவன் என்ற எண்ணத்தோடு புகாரும் உண்மையாக இருக்கலாம் என்பதை மூளையால் சேர்த்து வைத்திருக்க முடிவதில்லை, அந்த இடறலைத் தீர்க்க அது எடுக்கும் குறுக்கு வழி, புகார் கொடுத்தவரைக் கெட்டவராக்குவது. "பணத்துக்குத்தான்" என்ற வரி, எஃப்ஐஆரை ஒருவரும் படிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. அடுத்தது, யார் அந்தப் பெண் என்று தேடிப் படம் அனுப்புவது. பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஆட்டக்காரர் மேல் கேஸ் நிற்குமா நிற்காதா என்பது தெரியாத நிலையில், படத்தை அனுப்பியவர் ஒரு குற்றத்தைச் செய்து முடித்திருப்பார்.

உள்ளூர்ப் பையன் என்றால் அடி இன்னும் ஆழம். மெஸ்ஸி அபராதம் கட்டிவிட்டு உலகக் கோப்பை தூக்கினார். ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குக் காத்திருக்கும் பையனுக்கு, நடத்தை பற்றிக் கேட்க ஆள் வரும்போது தெருவில் நாலு பேர் "ஏதோ கேஸ் உண்டும்" என்று சொன்னால் போதும்.

மறுப்பு போட்டால் சரியாகிவிடாதா? அவ்வளவு எளிதாக ஆகாது. 1994இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இருவர் ஒரு கிடங்கு தீப்பிடித்த கதையை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அலமாரியில் பெயின்டும் கேஸ் சிலிண்டரும் இருந்ததாக முதலில் சேதி, பிறகு அலமாரி காலியாக இருந்தது என்று திருத்தம். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்கள்கூட, இவ்வளவு கரும்புகை ஏன் வந்தது என்று கேட்டால் பெயின்டைத்தான் காரணம் சொன்னார்கள். பெயின்டை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழுகிறது, ஓட்டையான கதையைவிடப் பொய்யான முழுக்கதை மனதுக்கு வசதி. ஆனால் அலமாரி காலி என்று சொல்வதோடு, யாரோ தீ வைத்ததற்கான பொருட்கள் கிடைத்தன என்றும் சேர்த்துச் சொன்னபோது பழைய காரணம் வெகுவாகப் பின்வாங்கியது. ஆகவே அந்தத் திருவிழாச் சேதி உங்கள் குரூப்புக்கு வந்து, விவரமும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், "பொய், பரப்பாதீங்க" என்று மட்டும் போடாதீர்கள். "நாலு பேரைக் கூப்பிட்டாங்க, இவன் பார்த்ததைச் சொல்லிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டான், கேஸ் இவன் பேர்ல இல்லை" என்று முழுதாகப் போடுங்கள்.