கட்டம் சிறுத்தால் கணிப்பு சரியாகிவிடாது

வங்கக்கடலில் ஒரு சுழி உருவானால் போதும், என் போனில் வானிலை ஆப்களின் ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்து குவியும். இந்த முறை கடலூர் சோனாங்குப்பத்திலிருந்து ஒரு படகுக்காரர் அனுப்பியிருந்தார். ‘புயல் கண்ணு மரக்காணத்துலதான் ஏறுதுன்னு காட்டுது சார், நமக்கு ஒண்ணும் இல்லியே? போட்ட மேல ஏத்த வேணாம்ல?’ படத்தில் வண்ணச் சுழல் அழகாக இருந்தது. மூன்று நாளைக்கு முந்தைய கணிப்பு அது. முன்கணிப்புகளை ரேடாரோடும் மழைமானியோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை என்பதால் இதை இனியும் சும்மா விட முடியவில்லை.

மரக்காணத்துக்கும் கடலூருக்கும் நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டர் சொச்சம்தான். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணிப்பில், 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லும் புயல் மையத்தின் இடம் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. 72 மணி நேரம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்கள் வேலையில் குறை சொல்லவில்லை. ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பிழை இதைவிட எவ்வளவோ பெரிதாக இருந்தது. ஆனால் அந்தப் பிழைக்குள் மரக்காணம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை எல்லாமே அடங்கிவிடும். மூன்று நாள் முன்னால் ஒரு ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது தப்பு.

‘அது பழைய மாடல் சார், இது மூணு கிலோமீட்டர் மாடல், துல்லியமா இருக்கும்’ என்பார்கள். என்னை மிகவும் வருத்துவது இந்த நம்பிக்கைதான். மாடல் என்பது வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்; வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அது கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய மாடலின் கட்டம் 9 கிலோமீட்டர், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் சுமார் 13, நம் பாரத் மாடல் 6. இன்னும் நுண்ணிய வட்டார மாடல்கள் 3 கிலோமீட்டருக்கும் போகின்றன. இந்த எண் கட்டத்தின் அளவை மட்டும்தான் சொல்கிறது. பிழையின் அளவைச் சொல்வதில்லை. ஒரு மேகக்கூட்டத்தை ஒழுங்காக உருவாக்க மாடலுக்கு ஆறேழு கட்டமாவது வேண்டும். ஆக 3 கிலோமீட்டர் மாடல் நம்பிக்கையோடு காட்டக்கூடியது 20 கிலோமீட்டர் அளவுள்ள சங்கதியைத்தான். உங்கள் தெருவை அல்ல. தவிர, வட்டார மாடல் தன் எல்லையில் வரும் காற்றையும் ஈரத்தையும் உலக மாடலிடம்தான் வாங்குகிறது. அந்த உலக மாடல் புயலை வடக்கே தள்ளியிருந்தால், இதுவும் வடக்கேதான் தள்ளும், இன்னும் அழகாக, மழைப்பட்டைகளோடு. நம் கடலில் புயலுக்குள் விமானம் அனுப்பி அளக்கும் வழக்கமும் இல்லை. செயற்கைக்கோளையும் ஒருசில மிதவைகளையும் வைத்துத்தான் தொடக்க நிலையையே கணிக்கிறார்கள். போதாக்குறைக்கு, கட்டங்களுக்கு நடுவே ஆப் தானாகவே வண்ணத்தை நிரப்பிவிடுகிறது. மங்கலான போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது போலத்தான் அது.

நுண்ணிய மாடலால் பயனே இல்லை என்கிறேனா? இல்லை. புயலின் கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச்சுவரையும் மழைப்பட்டைகளின் அமைப்பையும் அதுதான் சரியாகக் காட்டும். அதை மதிப்பிடும் விதத்தில்தான் நாம் அநியாயம் செய்கிறோம். நெல்லிக்குப்பத்தில் கொட்டும் என்று காட்டிய மழை பண்ருட்டியில் கொட்டினால், இடத்துக்கு இடம் ஒப்பிடும் முறையில் அதற்கு இரண்டு குற்றம்: வராத இடத்தில் சொன்னது ஒன்று, வந்த இடத்தில் சொல்லாதது ஒன்று. எல்லா இடத்திலும் மிதமான மழை என்று மழுப்பிய மாடல் நல்ல மதிப்பெண்ணோடு தப்பித்துவிடும். அதனால்தான் நாங்கள் 5, 20, 50 கிலோமீட்டர் என்று வட்டத்தை விரித்து, அந்த வட்டத்துக்குள் மழையின் பரப்பு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். ஒரு புயலை வைத்துத் தீர்ப்பும் சொல்வதில்லை. மழைமானிக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை என்பதையும் மறந்துவிட்டு, நள்ளிரவுக் கணக்கோடு ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அன்று பகல் முழுக்கப் பேச்சு சென்னையைப் பற்றித்தான்; அங்கே விமான நிலையத்தையே மூடினார்கள். கரையேறிய புயல் புதுச்சேரியை ஒட்டி மணிக்கணக்கில் நகராமல் நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மையம் எங்கே கரையேறும் என்ற ஒற்றைப் புள்ளியை வைத்து இதை மதிப்பிட முடியுமா? எங்கே, எப்போது, எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் என்று நான்கையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். அன்று அழித்தது நான்காவது. அதற்கு அடுத்த நாள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டி, சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தபோது நம் ஊர் வானிலைப் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

படம் வந்தால் முதலில் அது எந்தத் தேதி, எத்தனை மணிக் கணிப்பு என்று பாருங்கள். அது தெரியாத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரே மாடல் அடுத்தடுத்துப் புதிதாகக் கணக்கிட்ட நாலு ஓட்டங்களைப் பாருங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் தாவினால் எதையும் நம்பாதீர்கள். ஒற்றைக் கோட்டைவிட, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, பல கோடுகளாக விரியும் குழுக் கணிப்பு மேல். அந்த விரிப்புக்குள் உங்கள் ஊர் இருந்தால் தயாராகுங்கள், நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று வாதாடாதீர்கள். கடைசி ஆறு மணி நேரத்தில் மாடலை மூடிவிட்டு காரைக்கால், சென்னை ரேடார் படங்களைத் திறங்கள். தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் மேலே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மழையையும் அணைத் திறப்பையும் கவனிக்க வேண்டும்.

படகுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃபைபர் போட்டை மேலே ஏற்ற டிராக்டர் வாடகை, ஆள் கூலி, இரண்டு நாள் தொழில் போகும் என்பது எனக்குத் தெரியும். புயல் வேறு பக்கம் போய்விட்டால் அந்தக் காசு வீணென்று மனசு அடித்துக்கொள்ளும். இருந்தாலும், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் எந்த ஆப் எதைக் காட்டினாலும் ஏற்றிவிடுங்கள். வலையையும் இன்ஜினையும் சேர்த்து.