மழை நாளில் தாம்பரத்து சிக்னல் ஏன் சிவக்கிறது?

கனமழை பெய்யும்போது, முன்னே வேறு வண்டி இல்லாத நிலையிலும், தாம்பரத்துக்குள் நுழைய வேண்டிய மின்சார ரயில் சிவப்பு சிக்னலில் நின்றுவிடுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த நிலையம் வளர்ந்த விதத்திலும், அதன் தண்டவாளங்களுக்குள் ஓடும் மின்சாரத்திலும் இதற்கு விடை இருக்கிறது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மீட்டர் கேஜ் பாதையில் 1931-ஆம் ஆண்டு மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. மேலே சென்ற கம்பியில் 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரம் பாய்ந்தது. புறநகர் வண்டிகள் இங்கே திரும்ப வேண்டும். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் வண்டிகள் இதைக் கடந்து செல்ல வேண்டும். மின்சார ரயில்களுக்கான பணிமனைக்கும் இங்கிருந்தே பாதை பிரிய வேண்டும். இந்த மூன்று தேவைகளும் ஓரிடத்தில் கூடியதால்தான் நடைமேடைகளின் இரு முனைகளிலும், வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் பாயிண்ட்டுகள் நெருக்கமாகக் குவிந்துள்ளன. 1960-களில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் வந்தது. 2004-இல் மீட்டர் கேஜ் புறநகர் வண்டிகள் ஓய்வுபெற்று, 1,676 மி.மீ. அகலப் பாதை முழுமையாக இடம்பிடித்தது.

இத்தனை பாதைகளில் எதில் வண்டி நிற்கிறது என்பதைக் கண்டறியும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட். தண்டவாளத்தை மின்காப்பு இணைப்புகளால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் சில வோல்ட் மின்சாரம் கொடுக்கிறார்கள். அது ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, மறுமுனையிலுள்ள ரிலே என்ற மின்காந்த சுவிட்சின் கம்பிச்சுருளைக் கடந்து, இணையான மற்றொரு தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. மின்னோட்டம் இருக்கும்வரை ரிலேயின் மின்காந்தம் ஒரு சிறு இரும்புத் தகட்டை மேலே இழுத்துப் பிடித்திருக்கும். அப்போதுதான் ‘பாதை காலி’ என்று பொருள். வண்டியின் முதல் இரும்பு அச்சு உள்ளே நுழைந்ததும் இரண்டு தண்டவாளங்களும் குறுக்கே இணைந்துவிடுகின்றன. மின்சாரம் அந்தக் குறுக்குவழியிலேயே திரும்பிவிட, தகடு தன் எடையாலேயே கீழே விழுகிறது; சிக்னல் சிவக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் அதே தகடு விழும், அதே சிவப்பு எரியும். பழுது ஏற்படும்போது ஆபத்தின் பக்கம் சாயாமல் வண்டியை நிறுத்தும் பக்கம் சாயுமாறு, புவியீர்ப்பையே காவலுக்கு வைத்த இந்த யோசனையை நான் மனமார வியக்கிறேன்.

மழையில் நடப்பதும் இதுதான். இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள ஜல்லியில் மண்ணும் குப்பையும் சேர்ந்து நீர் தேங்கினால், அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் கசிகிறது. ரிலேக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்காமல் தகடு விழ, வராத வண்டி வந்துவிட்டதாகக் கருவி முடிவுசெய்கிறது. ஜல்லியைச் சலித்துச் சுத்தம் செய்வதற்கும் வடிகாலுக்கும் ஒதுக்கும் பணம், நிலையத்தின் முகப்பை அழகுபடுத்தச் செலவிடும் பணத்தைவிடப் பயணிக்கு அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

மின்சார ரயில் பாதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியை ஓட்டிய மின்சாரமும் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. அது நேர்த்திசை மின்சாரமாக இருந்தால், நேர்த்திசை ரிலே அதைத் தன்னுடையதாக எண்ணித் தகட்டைத் தூக்கிப் பிடித்துவிடக்கூடும். வண்டி நிற்கும் பாதையைக் காலி என்று காட்டிவிடும். அதனால் நேர்த்திசை மின்சாரத்தில் வண்டி ஓடும் பாதைகளில் மாறுதிசை டிராக் சர்க்யூட்டையும், 25,000 வோல்ட் மாறுதிசைப் பாதைகளில் நேர்த்திசை டிராக் சர்க்யூட்டையும் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது பல இடங்களில் சக்கரங்களை எண்ணும் ஆக்சில் கவுண்டர்கள் வந்துள்ளன. உள்ளே சென்ற அச்சுகளும் வெளியே வந்த அச்சுகளும் சமமானால் பாதை காலி. ஜல்லியின் ஈரம் இவற்றைப் பாதிப்பதில்லை. ஆனால் தண்டவாளம் ஓரிடத்தில் முறிந்துபோனால், டிராக் சர்க்யூட் காட்டிக்கொடுக்கக்கூடிய அந்த முறிவு இவற்றுக்குத் தெரியாது.